டெலோஸ் தீவை சின்ன குரூப்ல, கைடோட ஒரே நாள்ல பாக்குறது எப்படி: முழு வழிகாட்டி

கிரீஸ்ல மைக்கோனோஸ் தீவுக்குப் போறவங்க நெறைய பேர் பீச், வெள்ளை வீடு, காத்தாலை எல்லாம் பாத்து போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுறாங்க. அந்த ஊர் பழைய துறைமுகத்துலேர்ந்து படகுல அரை மணி நேரம் போனா, ஒரு காலத்துல கிரேக்கர்கள் எல்லாருக்குமே ரொம்ப புனிதமா இருந்த டெலோஸ் தீவு வந்துரும். மூணரை சதுர கிலோமீட்டர் கூட முழுசா இல்லாத குட்டித் தீவு, இன்னிக்கு அங்க குடியிருக்கிறவங்கன்னு பாத்தா காவலுக்கு இருக்கிறவங்களும் அகழாய்வு பண்றவங்களும்தான், ராத்திரி தங்க யாருக்கும் அனுமதி கிடையாது, அதனால எப்படிப் போனாலும் அது ஒரு நாள் பயணம்தான்.

நான் இங்க திரும்பத் திரும்ப சொல்லப் போறது ரெண்டே விஷயம். டெலோஸ் டூர் புக் பண்ணும்போது விலையை விட முக்கியமா பாக்க வேண்டியது, தீவுல உங்க கால் தரையில படுற நேரம் எவ்வளவு, உங்க கூட வர்ற குரூப்ல எத்தனை பேர், இது ரெண்டும்தான். ஏன்னா டெலோஸ்ல இருக்கிறது ஒரு கோயில் மட்டும் இல்ல. கோயில், சந்தை, தியேட்டர், கடை வீதி, பணக்காரங்க வீடு, தண்ணித் தொட்டி, சாக்கடைன்னு ஒரு முழு ஊரே அப்படியே கிடக்கு. சரியான ஆள் கூட இருந்து காட்டலன்னா அது வெறும் கல்லுக் குவியலாதான் தெரியும், வெயில் வேற மண்டைய பொளக்கும், ஒரு மணி நேரத்துல படகுக்குத் திரும்பிடலாம்னு தோணிடும்.

போறதுக்கு முன்னாடி கதையைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க

கைடு சொல்லுவாங்கதான், ஆனா அங்க நின்னு முதல் தடவையா இத்தனை பேரையும் கேட்டா தலை சுத்தும். அதனால மேலோட்டமா இவ்வளவு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

கிரேக்க தெய்வங்களுக்கு ராஜாவான ஸீயஸால கர்ப்பமான லெட்டோங்கிற தெய்வத்துக்கு, ஸீயஸோட மனைவி ஹெராவோட கோபத்துக்குப் பயந்து எந்த ஊரும் பிரசவத்துக்கு இடம் குடுக்கல. அப்போ கடல்ல நிலையில்லாம மிதந்துட்டு இருந்த டெலோஸ்தான் இடம் குடுத்துச்சுன்னும், அங்கதான் அப்பல்லோங்கிற தெய்வம் பிறந்தாருன்னும் புராணம். ஆர்ட்டெமிஸும் அவரோட இரட்டைப் பிறவி. இந்த ஒரு கதையாலதான் தண்ணி கம்மியா, விளைச்சல் கம்மியா இருக்கிற இந்தப் பாறைத் தீவுக்கு அவ்வளவு மவுசு வந்துச்சு.

கி.மு. 478ல பாரசீகர்களுக்கு எதிரா ஏதென்ஸ் தலைமையில நகரங்கள் எல்லாம் சேந்து ஒரு கூட்டணி போட்டாங்க. அதுக்கான பொதுப் பணம் டெலோஸ்லதான் இருந்துச்சு, கி.மு. 454ல அந்தக் கஜானாவை ஏதென்ஸ் தன்னோட ஊருக்கே தூக்கிட்டுப் போயிடுச்சு. நீங்க பாக்கப் போற அப்பல்லோ கோயில்கள்ல பெரியதோட கட்டுமானம் அந்த சமயத்துல பாதியில நின்னு ரொம்ப காலம் கழிச்சுதான் தொடர்ந்துச்சு, அந்த அடித்தளத்து முன்னாடி நிக்கும்போது இது ஞாபகம் இருந்தா அந்தக் கல்லு வேற மாதிரி தெரியும்.

கி.மு. 426 குளிர்காலத்துல ஏதென்ஸ்காரங்க தீவை 'சுத்தம்' பண்றோம்னு அங்க இருந்த எல்லா கல்லறையையும் தோண்டி எலும்புகளைப் பக்கத்துல இருக்கிற ரெனியா தீவுக்கு மாத்துனாங்க. அதோட நிக்கல, இனி டெலோஸ்ல யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாதுன்னு சட்டம். நிறைமாசக்காரங்களையும் சாகக் கிடக்கிறவங்களையும் படகுல ஏத்தி ரெனியாவுக்கு அனுப்பிடுவாங்க. ஒரு ஊர்ல வாழ்ந்துட்டு அந்த ஊர்லயே பிள்ளை பெத்துக்க முடியாத அந்த ஜனங்களை நினைச்சுப் பாருங்க, ரெனியா கண்ணுக்கு எதிர்லயே தெரியும், நடுவுல குறுகலான கடல்தான்.

அடுத்த பெரிய திருப்பம் கி.மு. 167-166 வாக்குல. ரோம் டெலோஸை ஏதென்ஸ் கையில குடுத்து வரி இல்லாத துறைமுகமா ஆக்குச்சு, ரோட்ஸ் தீவோட வியாபாரத்தை அடக்குறதுதான் அதுல ஒரு நோக்கம். அதுக்கப்புறம் இத்தாலி, சிரியா, எகிப்து, பெய்ரூட்னு எல்லா ஊர் வியாபாரியும் இங்க வந்து குவிஞ்சாங்க. அந்தக் காசோட இன்னொரு பக்கம் அடிமை வியாபாரம். ஒரே நாள்ல பத்தாயிரம் அடிமைகளை இறக்கி வித்து ஏத்தி அனுப்பக்கூடிய இடம்னு அந்தக் காலத்து கிரேக்க புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதி வெச்சிருக்காரு. குட்டிக் குட்டி கல்லுத் துண்டைப் பதிச்சுப் படம் போட்ட அழகான மொசைக் தரையைப் பாக்கும்போது இதையும் மறக்கக் கூடாதுன்றது என்னோட கருத்து, நல்ல கைடா இருந்தா அவங்களே இதை எடுப்பாங்க.

கி.மு. 88ல ரோமோட எதிரி மித்ரிடேட்ஸோட படை, கி.மு. 69ல கடற்கொள்ளைக்காரங்கன்னு ரெண்டு அடி. அதுக்கப்புறம் ஊர் எழவே இல்ல. பின்னாடி யாரும் பெருசா மேல கட்டாததாலதான் அந்தக் காலத்து ஊரு இவ்வளவு தெளிவா நமக்குக் கிடைச்சிருக்கு. 1870கள்லேர்ந்து ஏதென்ஸ்ல இருக்கிற பிரெஞ்சுத் தொல்லியல் பள்ளி இங்க தோண்டிட்டு இருக்கு, 1990ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க.

ஸ்டெப் 1: எப்போ போறது, எங்க தங்கறது

ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும்தான் படகு ஒழுங்கா ஓடும். அதுல மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் இதுதான் என்னோட சாய்ஸ். வசந்த காலம்னா கல்லுக்கு நடுவுல காட்டுப் பூ பூத்திருக்கும். ஜூலை ஆகஸ்ட்ல வெயில் ஒரு பிரச்சனைன்னா அதை விடப் பெரிய பிரச்சனை மெல்டெமின்னு சொல்ற வடக்குக் காத்து, வானம் பளிச்சுன்னு நீலமா இருக்கும், மழையே இருக்காது, ஆனா கடல் கொந்தளிக்கும், அன்னிக்கு டெலோஸ் படகையே நிறுத்திடுவாங்க.

அதனால இதை ஒரு விதியாவே வெச்சுக்கோங்க: டெலோஸ் டூரை உங்க பயணத்தோட கடைசி நாள்ல வைக்காதீங்க. மைக்கோனோஸ்ல மூணு நாள் இருக்கீங்கன்னா முதல் முழு நாள்லயே புக் பண்ணுங்க, காத்து அடிச்சு கேன்சல் ஆனா அடுத்த நாளுக்கு மாத்திக்கலாம். திங்கட்கிழமைல தளம் மூடியிருக்கிற பழக்கம் உண்டு, சீசனுக்கு சீசன் மாறும்ங்கிறதால நீங்க போற மாசத்துக்கான நேரத்தை கிரேக்க கலாச்சார அமைச்சகத்தோட தளத்துல பாத்துட்டு அப்புறம் நாளை முடிவு பண்ணுங்க.

தங்கறதுக்கு மைக்கோனோஸ் டவுன் வசதி, பழைய துறைமுகத்துக்கு நடந்தே போயிடலாம். பக்கத்துத் தீவுகளான நாக்ஸோஸ்லயோ பாரோஸ்லயோ தங்கியிருந்தாலும் சீசன்ல அங்கேர்ந்து நேரா டெலோஸுக்கு நாள் முழுக்கப் படகு டூர் உண்டு. டெலோஸ் பாத்துட்டு மத்தியானத்துக்கு மேல மைக்கோனோஸ் டவுன்ல விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டுப் போவாங்க. வசதிதான், ஆனா அதுல தீவுல நிக்குற நேரத்தை நீங்க இஷ்டத்துக்கு நீட்டிக்க முடியாது. டெலோஸ்தான் உங்க முக்கியமான ஆசைன்னா ஒரு ராத்திரியாவது மைக்கோனோஸ்ல தங்கிடுங்க.

ஸ்டெப் 2: எந்த மாதிரி டூர்

மார்க்கெட்ல நாலு விதமா கிடைக்கும்.

ஒண்ணு, படகு, நுழைவுச் சீட்டு, கைடு எல்லாம் சேந்த அரை நாள் நடை டூர். காலைல ஒண்ணு, சீசன்ல சாயங்காலம் ஒண்ணுன்னு போகும். பெரும்பாலானவங்களுக்கு இதுதான் சரி. ரெண்டாவது, பாய்மரப் படகுலயோ கேட்டமரான்னு சொல்ற ரெட்டை அடிப்பாகப் படகுலயோ கூட்டிட்டுப் போய் டெலோஸ் காட்டிட்டு, ரெனியா கடற்கரையில நீச்சல், படகுலயே சாப்பாடுன்னு நாள் முழுக்கப் போற டூர். இதுல நல்லதும் இருக்கு, ஆனா விளம்பரத்துல டெலோஸ் பேரு பெருசா போட்டிருக்கும், உள்ள படிச்சுப் பாத்தா சிலதுல தீவுல இறங்கவே மாட்டாங்க, கடல்லேர்ந்து கை காட்டிட்டுப் போயிடுவாங்க, இல்லன்னா இறங்கி ஒன்றரை மணி நேரத்துல திரும்பக் கூப்பிடுவாங்க. மூணாவது, நான் மேல சொன்ன நாக்ஸோஸ், பாரோஸ் படகு. நாலாவது, படகு டிக்கெட்டை நீங்களே வாங்கிட்டு லைசென்ஸ் உள்ள கைடு ஒருத்தரைத் தனியா அமர்த்திக்கிறது. ஒரு ஆளா போனா காசு கடிக்கும், ஆனா ரெண்டு குடும்பம் சேந்து ஆறேழு பேர் ஆயிட்டா பல சமயம் சின்ன குரூப் டூர் விலைக்கே வந்துரும், கணக்குப் போட்டுப் பாருங்க.

கைடு விஷயத்துல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். கிரீஸ்ல தொல்லியல் தளத்துக்குள்ள விளக்கம் சொல்லிக் கூட்டிட்டுப் போக அரசாங்க லைசென்ஸ் வேணும், அவங்க கழுத்துல அட்டை தொங்கும். லைசென்ஸ் வாங்குறதுக்கு முறையா படிச்சுட்டு வர்றாங்க, அதனால கேள்வி கேக்க தயங்கவே வேணாம். 'எஸ்கார்ட்' இல்ல 'டூர் லீடர்'னு போட்டிருந்தா அவங்க உங்களை வாசல் வரைக்கும்தான் கொண்டு விடுவாங்க, ரெண்டும் வேற வேற.

ஸ்டெப் 3: காசு கட்டுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

மெயில்லயோ மெசேஜ்லயோ எழுதியே கேளுங்க, பதிலும் எழுத்துல இருக்கட்டும்.

- குரூப்ல அதிகபட்சம் எத்தனை பேர்? 'ஸ்மால் குரூப்'ங்கிறதுக்கு ஒரே அளவு கிடையாது, ஒருத்தருக்கு அது எட்டு பேர், இன்னொருத்தருக்கு இருபத்தஞ்சு பேர். பன்னெண்டுக்குள்ள இருந்தா ரொம்ப நல்லது, பதினஞ்சு வரைக்கும் ஓகே.
- அந்த எண்ணிக்கை கைடுக்கா, படகுக்கா? படகுல நூறு பேர் வரலாம், அது பிரச்சனை இல்ல, இறங்குனப்புறம் உங்க கைடு பின்னாடி எத்தனை பேர்ங்கிறதுதான் கேள்வி.
- ஒரே மொழி குரூப்பா? இங்கிலீஷும் பிரெஞ்சும் மாத்தி மாத்திப் பேசுனா உங்க நேரத்துல பாதி போயிடும்.
- தீவுல எவ்வளவு நேரம்? கைடோட எவ்வளவு, தனியா சுத்த எவ்வளவு? மொத்தம் மூணு மணி நேரத்துக்குக் கீழன்னா நான் வேற டூர் பாப்பேன்.
- கைடு முடிஞ்சப்புறம் நான் தீவுலயே இருந்துட்டு அடுத்த படகுல திரும்பலாமா? இந்த ஒரு கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தா அந்த டூரையே எடுங்க.
- நுழைவுச் சீட்டு விலையில சேந்திருக்கா? படகுக்குக் காசு வேற, தளத்துக்கு டிக்கெட் வேற, ரெண்டும் ஒண்ணு இல்ல.
- காத்து அடிச்சுப் படகு ரத்தானா முழுப் பணமும் திரும்ப வருமா, நாள் மாத்துவீங்களா?
- மியூசியம் திறந்திருக்கா? வேலை நடந்துட்டு இருந்தா மூடி வெச்சிருப்பாங்க.

ஏன் குரூப் சின்னதா இருக்கணும்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, டெலோஸ்ல பாக்க வேண்டிய நல்ல இடங்கள் எல்லாம் வீடுகள். வீட்டு வாசல் குறுகல், முற்றத்துல நிக்க கொஞ்ச இடம்தான், கயிறு கட்டியிருக்கும். முப்பது பேர் போனா முன்னாடி நிக்குற ஏழெட்டு பேருக்குத்தான் தரையில இருக்கிற மொசைக் தெரியும், பின்னாடி நிக்குறவங்க முதுகைப் பாத்துட்டு வர வேண்டியதுதான். பத்து பேர்னா எல்லாரும் சுத்தி நிக்கலாம், கைடு விரலால காட்டுற இடம் எல்லாருக்கும் தெரியும்.

ஸ்டெப் 4: பையில என்ன

தண்ணி, தண்ணி, தண்ணி. ஆளுக்கு ஒன்றரை லிட்டர், ஜூலை ஆகஸ்ட்னா ரெண்டு. தீவுல கடை இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. மரம்னு சொல்ல ஒண்ணு ரெண்டுதான், நிழலே கிடையாது. தொப்பி காத்துல பறந்துரும், தாடைக்குக் கீழ கட்டுற மாதிரி நாடா இருந்தா நல்லது. குடை விரிக்கவே முடியாது. சன்ஸ்கிரீன், கூலிங் கிளாஸ், படகுல மேல் தட்டுல உக்காந்தா குளிரும்ங்கிறதால மெல்லிசா ஒரு ஜாக்கெட்.

கால்ல மூடின ஷூ, அடி நல்லா பிடிக்கிற மாதிரி. பளிங்குக் கல்லு ரெண்டாயிரம் வருஷமா தேஞ்சு வழவழன்னு இருக்கு, கடைவீதிப் பக்கம் எல்லாம் மேடு பள்ளம், செருப்பு போட்டுட்டுப் போறவங்க பாவம் குனிஞ்சு தரையை மட்டுமே பாத்துட்டு நடப்பாங்க. கடல் பயணம் ஒத்துக்காதவங்க மாத்திரையைப் படகு ஏறுறதுக்கு அரை மணி முன்னாடியே போட்டுக்கோங்க.

சாப்பாட்டுக்கு மைக்கோனோஸ் டவுன்ல காலைலயே திறந்திருக்கிற பேக்கரில ஸ்பானகோபிதா, அதாவது கீரையும் ஃபெட்டா சீஸும் வெச்ச பை, ரெண்டு வாங்கிக்கோங்க, சைவமா சாப்பிடுறவங்களுக்கும் ஆகும். தளத்துக்குள்ள குப்பை போடக் கூடாது, கல்லு எடுக்கக் கூடாது, ஒரு ஓட்டுச் சில்லு கூட. ட்ரோனுக்கு அனுமதி இல்ல. குழந்தைகளோட போறவங்க வயசைக் காட்ட பாஸ்போர்ட் காப்பி வெச்சுக்கோங்க, டிக்கெட்ல சலுகை வாங்க அது தேவைப்படும். வீல்சேர், குழந்தை ஸ்ட்ரோலர் ரெண்டுக்கும் இந்தத் தீவு ரொம்பக் கஷ்டம், கைக்குழந்தைன்னா முதுகுல இல்ல மார்புல கட்டுற கேரியர்தான்.

ஸ்டெப் 5: காலைல துறைமுகத்துல

மைக்கோனோஸ்ல ரெண்டு துறைமுகம். பெரிய ஃபெரியும் க்ரூஸ் கப்பலும் வர்றது டூர்லோஸ்ல இருக்கிற புதுத் துறைமுகம், டவுன்லேர்ந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி. டெலோஸ் படகு கிளம்புறது டவுன்லயே இருக்கிற பழைய துறைமுகம். கரையோரம் நீலக் குவிமாடத்தோட குட்டியா ஒரு தேவாலயம் இருக்கும், அயோஸ் நிகோலாகிஸ், அதுக்குப் பக்கத்துல இருக்கிற படகுத்துறைதான். டாக்ஸிக்காரர்கிட்ட வெறும் 'போர்ட்'னு சொல்லாம 'ஓல்டு போர்ட், டெலோஸ் போட்'னு முழுசா சொல்லுங்க.

இருபது நிமிஷம் முன்னாடியே போயிடுங்க. ஏறுன உடனே திரும்பி வர்ற கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு ஆபரேட்டர்கிட்ட கேட்டு போன்ல அலாரம் வெச்சுக்கோங்க. ராத்திரி தங்க முடியாத தீவு, அதனால இது விளையாட்டு இல்ல.

காலை டூரா சாயங்கால டூரான்னு கேட்டா, வெயில் தாங்குறவங்களுக்குக் காலை முதல் படகுதான். கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கிடைக்கும், முடிஞ்சப்புறம் மேல தங்கவும் வாய்ப்பு உண்டு. சாயங்காலத்துல வெளிச்சம் அருமையா இருக்கும், ஆனா கடைசிப் படகு கழுத்தைப் பிடிக்கும்.

ஸ்டெப் 6: தீவுல நடக்குற பாதை

ஒவ்வொரு கைடுக்கும் ஒரு வரிசை உண்டு, ஆனா பொதுவா கீழ சொல்ற மாதிரிதான் போகும்.

இறங்குன உடனே வர்ற திறந்த சதுக்கம் கொம்பெட்டாலியாஸ்ட் சந்தை. பேரு கரடுமுரடா இருந்தாலும் விஷயம் முக்கியம், தெருமுனை தெய்வங்களைக் கும்பிட்ட ஒரு சங்கம் அது, அதுல இருந்தவங்க அடிமைகளும் விடுதலையான அடிமைகளும். துறைமுகத்துல முதல்ல கண்ணுல படுறது இவங்க கட்டுனது. அங்கேர்ந்து வடக்கால புனிதப் பாதை, ரெண்டு பக்கமும் தூண் மண்டபங்களோட அடிப்பகுதி. ஒண்ணு மாசிடோனிய அரசர் ஐந்தாம் பிலிப் கட்டுனது. ஊர்வலம் போன வழி இது.

ஊர்வலம்னா எப்படின்னு ஒரு கதை. கி.மு. 417ல நிகியாஸ்னு ஏதென்ஸ் தலைவர் ஒருத்தர், அதுக்கு முன்னாடி எல்லாம் பாடகர் குழு படகுலேர்ந்து இறங்கும்போதே தள்ளுமுள்ளா இருக்குன்னு, முதல் நாளே எல்லாரையும் ரெனியாவுல இறக்கிட்டாரு. ஏதென்ஸ்லயே செஞ்சு கொண்டு வந்த பாலத்தை ராவோட ராவா ரெண்டு தீவுக்கும் நடுவுல போட்டு, தங்கப் பூச்சு, மாலை, திரைச்சீலை எல்லாம் கட்டி, விடிஞ்சதும் பாட்டுப் பாடிட்டே எல்லாரையும் பாலத்து மேல நடத்திக் கூட்டிட்டு வந்தாராம். அவர் வெச்ச வெண்கலப் பனைமரம் பிற்காலத்துல காத்துல சாஞ்சு பக்கத்துல இருந்த பெரிய சிலையைத் தள்ளிடுச்சுன்னும் சொல்றாங்க.

அந்தப் பெரிய சிலையோட பீடத்தை நீங்க பாப்பீங்க. நாக்ஸோஸ்காரங்க வெச்ச அப்பல்லோ சிலை, கிட்டத்தட்ட 9 மீட்டர் உயரம். பீடத்துல பழைய எழுத்துல, சிலையும் பீடமும் ஒரே கல்லுலேர்ந்து வந்ததுன்னு பொருள் வர்ற மாதிரி ஒரு வரி செதுக்கியிருக்கு. கைடுகிட்ட அந்த எழுத்தைக் காட்டச் சொல்லுங்க, சாய்வா வெளிச்சம் விழுந்தா தெரியும். உடம்பு ரெண்டு துண்டா கொஞ்ச தூரத்துல ஆர்ட்டெமிஸ் கோயில் பக்கம் கிடக்கு, காலோட ஒரு பகுதி லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல. கிடக்குற மார்புத் துண்டுல தோள்ல விழுற முடி கூட தெரியும்.

பக்கத்துல மூணு அப்பல்லோ கோயில்களோட அடித்தளம். இங்க நின்னு கைடு சாக்ரடீஸ் பேச்சை எடுக்கலன்னா நீங்களே எடுங்க. ஏதென்ஸ் வருஷா வருஷம் டெலோஸுக்கு ஒரு புனிதக் கப்பல் அனுப்பும், அது போயிட்டுத் திரும்புற வரைக்கும் நகரத்துல மரண தண்டனை நிறைவேத்தக் கூடாது. கி.மு. 399ல சாக்ரடீஸுக்குத் தண்டனை விதிச்சப்போ கப்பல் கிளம்பியிருந்துச்சு, காத்து சரியில்லாம திரும்ப லேட் ஆச்சு, அந்த சுமார் ஒரு மாசம்தான் அவர் சிறையில நண்பர்களோட பேசிட்டு இருந்த நாட்கள். அந்தக் கப்பல் வந்து நின்ன ஊர்லதான் நீங்க நிக்கிறீங்க.

வடக்கால இன்னும் போனா சிங்கங்களோட வரிசை. கி.மு. 7ம் நூற்றாண்டு கடைசியில நாக்ஸோஸ்காரங்க வெச்சது, வாயைத் திறந்து ஒல்லியா உக்காந்திருக்கும். வெளிய இருக்கிறது நகல், அசல் காத்துலயும் உப்புலயும் அரிக்கக் கூடாதுன்னு மியூசியத்துல வெச்சிருக்காங்க. ஒரு சிங்கத்தைப் பல நூற்றாண்டுக்கு முன்னாடியே வெனிஸுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, அது அங்க ஆர்சனல்ங்கிற பழைய கப்பல் கட்டுற தளத்து வாசல்ல வேற தலையோட இன்னும் இருக்கு. சிங்கங்களுக்கு எதிர்ல பள்ளமா தெரியறதுதான் புனித ஏரி இருந்த இடம். மலேரியா கொசுவுக்குப் பயந்து 1925 வாக்குல தண்ணியை வடிச்சுட்டாங்க, நடுவுல, பிரசவத்தப்போ லெட்டோ கட்டிப் பிடிச்சதா சொல்ற பனை மரத்து ஞாபகமா ஒரே ஒரு மரம் நிக்குது.

பெரும்பாலான அவசர டூர் இதோட மியூசியத்துல விட்டுட்டு முடிச்சிடும். என்னைக் கேட்டா டெலோஸோட உயிரே இதுக்கப்புறம் வர்ற தியேட்டர் வட்டாரத்துலதான் இருக்கு, அதனாலதான் நேரம் நேரம்னு அடிச்சுக்கிறேன்.

குறுகலான கல்லுத் தெரு, ரெண்டு பக்கமும் கடை, கடைக்குப் பின்னாடி வீடு, தெருவுக்குக் கீழ சாக்கடை. வீட்டுக்குள்ள நுழைஞ்சா நம்ம பக்கத்து முற்றம் வெச்ச பழைய வீடு மாதிரியேதான், நடுவுல வானம் பாத்த முற்றம், சுத்தித் தூண், மழைத்தண்ணி முற்றத்துல விழுந்து தரைக்குக் கீழ இருக்கிற தொட்டிக்குப் போகும், தொட்டிக்கு மேலதான் மொசைக் தரை. டயோனிசஸ் வீட்டுல, சிறகு வெச்ச டயோனிசஸ், அதாவது கிரேக்கர்களோட மது தெய்வம், புலி மேல ஏறிப் போற மொசைக், மிருகத்தோட முகத்துல ஒவ்வொரு துண்டும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான், தூரத்துலேர்ந்து பாத்தா தூரிகையில தீட்டின மாதிரி நிழல் எல்லாம் விழுந்திருக்கும்.

கிளியோபாட்ரா வீடுன்னு ஒண்ணு வரும், எகிப்து ராணி இல்ல, இவங்க ஏதென்ஸ்காரம்மா. புருஷன் டயோஸ்குரிடிஸ் அப்பல்லோ கோயிலுக்கு ரெண்டு வெள்ளி முக்காலி குடுத்த பெருமையை எழுதி, கி.மு. 138ல அவருக்கும் தனக்கும் சிலை வெச்சிருக்காங்க. ரெண்டு பேருக்கும் தலை இல்ல, சேலை மாதிரி இழுத்துப் போத்தின அந்தம்மாவோட துணி மடிப்பு மட்டும் அப்படியே இருக்கு.

தெரு முடிவுல தியேட்டர், அதாவது திறந்தவெளி நாடக அரங்கம், சுமார் 5,500 பேர் உக்காரலாம். எல்லாரும் இருக்கையில ஏறி போட்டோ எடுப்பாங்க, நீங்க அதுக்குக் கீழ பக்கமா வாங்க, அங்க ஒரு பெரிய தண்ணித் தொட்டி, மேல கருங்கல் வளைவுகள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா இன்னமும் விழாம நிக்குது. தியேட்டர் சரிவுல விழுற மழை எல்லாம் இங்க வந்து சேரும். ஆறு இல்லாத தீவுல இருபதாயிரத்துக்கும் மேல ஜனம் எப்படி வாழ்ந்துச்சுங்கிற கேள்விக்கு பதில்ல ஒரு பகுதி இந்தத் தொட்டிதான். ஓரமா நின்னா தவளை கத்துறது கேக்கலாம், வளைவுக் கல்லு மேல ஓணான் வெயில் காயும், டெலோஸ் முழுக்கவே ஓணான் அதிகம், சின்னப் பசங்களுக்கு அதைத் தேடுறதே ஒரு வேலை.

கொஞ்சம் மேல முகமூடி வீடு, டால்ஃபின் வீடு. டால்ஃபின் வீட்டு வாசல் தரையில ஒரு குறி இருக்கு, முக்கோணம், மேல கோடு, அதுக்கு மேல வட்டம். அது டானிட்னு ஃபீனீசியர்களோட தெய்வத்தோட சின்னம், அந்த வீட்டுக்காரர் கிழக்கேர்ந்து வந்தவரா இருக்கணும். உள்ள மொசைக்ல கலைஞர் தன்னோட ஊரையும் கையெழுத்தா விட்டிருக்காரு, சிரியா கரையோரத் தீவான அராடோஸ். ஒரு வாசல்லயும் ஒரு தரையிலயும் மட்டுமே எத்தனை ஊரு பாருங்க.

ஸ்டெப் 7: கைடு விட்டதும் கிந்தோஸ் மலை

குரூப்போட மலை ஏறுற டூர் கம்மி, அதனால தனியா இருக்கிற நேரத்தை இதுக்கு ஒதுக்குங்க. உயரம் 113 மீட்டர்தான், ஆனா படி ஒழுங்கா இருக்காது, நிதானமா ஏறுனா இருபது நிமிஷம். வழியில சிரிய தெய்வங்களோட இடம், எகிப்து தெய்வங்களோட இடம், அதுல முகப்புத் தூண்களோட நிக்குற ஐசிஸ் கோயில். இன்னும் கொஞ்சம் தள்ளி பெரிய பெரிய கருங்கல் பலகைகளை ஒண்ணு மேல ஒண்ணு சாய்ச்சு கூரை போட்ட குகைக் கோயில், கொஞ்ச நேரம் நிழல் கிடைக்கிற இடமும் அதுதான்.

உச்சியில நின்னா டினோஸ், மைக்கோனோஸ், நாக்ஸோஸ், பாரோஸ், சிரோஸ்னு சுத்தி வட்டமா தீவுகள், இந்தத் தீவுக் கூட்டத்துக்கு கிக்லேடீஸ்னு பேரு வந்ததே டெலோஸைச் சுத்தி இருக்கிறதாலதான். காத்து பலமா அடிச்சா உச்சிக்குப் போகாதீங்க, குழந்தைங்களோட போனா கட்டாயம் வேணாம். இறங்கி படகுத்துறைக்கு வர முப்பது நிமிஷம் வெச்சுக்கோங்க.

முட்டி வலி இருக்கிறவங்க மலையை விட்டுட்டு அந்த நேரத்தை மியூசியத்துல செலவு பண்ணலாம், திறந்திருந்தா அசல் சிங்கங்களும் வீட்டுச் சுவர் ஓவியங்களும் அங்க இருக்கு.

ஸ்டெப் 8: திரும்பி வந்ததும்

படகுலேர்ந்து இறங்கி சாப்பிட்டுட்டு, தெம்பு இருந்தா அன்னிக்கே மைக்கோனோஸ் தொல்லியல் மியூசியத்துக்குப் போங்க. பழைய துறைமுகத்துலேர்ந்து டூர்லோஸ் போற பக்கம் நடந்தே போயிடலாம், சின்னது, ஒரு மணி நேரம் போதும். இதை டூர்க்காரங்க யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா இது டெலோஸ் கதையோட இன்னொரு பாதி. கி.மு. 426ல ஏதென்ஸ்காரங்க கல்லறையைத் தோண்டி ரெனியாவுக்கு மாத்துனாங்கன்னு சொன்னேன்ல, அங்க எல்லாத்தையும் ஒரே குழியில புதைச்சிருந்தாங்க, அந்தக் குழியை 1898ல கண்டுபிடிச்சாங்க, அதுல கிடைச்ச பானைகளை வைக்கிறதுக்குன்னே கட்டுனதுதான் இந்த மியூசியம். செத்தவங்களோட வெச்ச ஜாடி, கிண்ணம், விளக்கு எல்லாம் அங்கதான் இருக்கு. அதோட மைக்கோனோஸ்லயே கிடைச்ச கி.மு. 7ம் நூற்றாண்டு பெரிய பானை ஒண்ணு, கழுத்துல ட்ராய் குதிரை, அதாவது கிரேக்க வீரர்கள் உள்ள ஒளிஞ்சு ட்ராய் நகரத்துக்குள்ள நுழைஞ்சதா சொல்ற மரக்குதிரை, குதிரை வயித்துல சதுர ஜன்னல் ஜன்னலா வெட்டி உள்ள இருக்கிற வீரர்களோட தலை தெரியற மாதிரி பண்ணியிருக்காங்க, காலுக்குக் கீழ சக்கரமும் உண்டு.

வாரத்துல ஒரு நாள் இதுவும் மூடியிருக்கும், டெலோஸ் தேதியைப் பாக்கும்போதே இதோட நேரத்தையும் சேத்துப் பாத்துக்கோங்க. அன்னிக்கு முடியலன்னா ஃபெரி பிடிக்கப் போற அன்னிக்குக் காலைல போகலாம், டூர்லோஸுக்குப் போற வழிதான்.